கேள்விக்கு ஏற்ற பெட்டி

கிள்ளான் துறைமுகத்தில் மலேசியாவின் முதல் கொள்கலன் முனையம் 1973-இல் தொடங்கியது. அதற்குப் பிறகு இந்தக் கரையில் வந்து இறங்கிய கிரேன், லோரி எடைமேடை, செம்பனை எண்ணெய் ஆலையின் பாய்லர், ஷா ஆலம் தொழிற்சாலைகளின் பொட்டலம் கட்டும் இயந்திரம் என எல்லாவற்றுக்குள்ளும் எங்கோ ஒரு மூலையில் எலக்ட்ரானிக் போர்டு ஒன்று இருக்கிறது. இரும்பு நாற்பது ஆண்டு உழைக்கும். போர்டைச் செய்த கம்பெனியோ பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உதிரிபாகம் கிடையாது என்று கைவிரித்துவிடும். அந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்ற பழுது பார்ப்பவர்களின் பிழைப்பு நடக்கிறது.

இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் உதவிய கருவி லாஜிக் அனலைசர். பல தலைமுறைப் பெட்டிகள் என் மேசையில் ஓடியிருக்கின்றன. இன்று இளைஞர்கள் சிலர் பழைய அனலைசர்களை வாங்கிப் பழக ஆசைப்படுகிறார்கள். வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணே, எது வேகம்?” வேகத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்பதே என் பதில். எத்தனை சேனல், யாருடைய கிளாக், எவ்வளவு மெமரி, எந்த அளவு வோல்டேஜ், கூடவே போர்டின் கம்பிகளைத் தொடும் ப்ரோப் இருக்கிறதா என்ற ஐந்தையும் பார்த்த பிறகுதான் வேகத்துக்கு வர வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை நான் கையாண்ட மாடல்களை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் இந்தப் பெட்டிகள் நம் பக்கம் வந்த வழி. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைந்தது. இன்டெலும் ஹியூலட் பேக்கார்டும் (ஹெச்பி) அங்கே வந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுங்கை வே, உலு கிள்ளான் வட்டாரங்களில் மோட்டரோலா, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற ஆலைகள் எழுந்தன. தோட்டத்தை விட்டு வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், பெண்பிள்ளைகள் முக்கியமாக, அந்த ஆலைகளில் நுண்ணோக்கி முன் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஆலைகள் சோதனைக் கருவிகளைப் புதுப்பிக்கும்போது பழையவை ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர்களிடமிருந்து கைமாறிக் கைமாறி, கோலாலம்பூர் ஜாலான் பசாரில் உள்ள எலக்ட்ரானிக் சாமான் கடைகள் வழியாக எங்கள் பட்டறைக்கு வந்து சேரும். புதிதாக வாங்க எங்களால் கனவிலும் முடியாத கருவி, இரும்பு எடைக்குக் கொஞ்சம் மேலான விலையில் கிடைத்தது.

ஆசிலோஸ்கோப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கோப் இரண்டு கம்பிகளில் ஓடும் மின்னழுத்தத்தின் உருவத்தைக் காட்டும். சிக்னல் வளைகிறதா, நடுங்குகிறதா என்பதை அதைவிட நன்றாக எதுவும் சொல்லாது. ஆனால் செயலி ஒன்று பதினாறு அட்ரஸ் கம்பி, எட்டு டேட்டா கம்பி, அதன் மேல் அரை டஜன் கட்டளைக் கம்பிகளோடு பேசுகிறது. அந்தப் பேச்சை முழுதாகக் கேட்க முப்பது காது வேண்டும். லாஜிக் அனலைசர் ஒவ்வொரு கம்பியிலும் ‘உயர்வா, தாழ்வா’ என்று மட்டும் பார்த்து, கம்பிக்கு ஒரு சேனலாக அத்தனை கம்பிகளையும் ஒரே கணத்தில் பதிவு செய்கிறது.

பதிவு செய்வதில் இரண்டு முறை உண்டு. அனலைசர் தன்னுடைய சொந்த கிளாக்கின்படி, பத்து நானோ வினாடிக்கு ஒரு தடவை என்பதுபோல, பதிவு செய்தால் அது டைமிங் முறை. எந்தக் கம்பி முந்தியது, எது பிந்தியது என்பது அதில் தெரியும். சோதிக்கப்படும் போர்டின் கிளாக்கையே வாங்கிக்கொண்டு அது சொல்லும் நேரத்தில் மட்டும் பதிவு செய்தால் அது ஸ்டேட் முறை. செயலி எந்த அட்ரஸில் எந்தக் கட்டளையைப் படித்தது என்ற பட்டியல் அதில் கிடைக்கும். மாடல்களுக்கு இடையிலான வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு முறைகளையும் வன்பொருளில் எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் இருக்கின்றன.

ஹெச்பி 1973-இல் வெளியிட்ட 5000ஏ இரண்டே சேனல் கொண்டது. திரை கிடையாது, எல்இடி விளக்குகளின் வரிசைதான். அதை நான் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். நான் முதலில் கைவைத்தது டெக்ட்ரானிக்ஸ் 7டி01. இது தனிப் பெட்டியல்ல, 7000 வரிசை ஸ்கோப்பின் உடலில் செருகும் ஒரு பாகம். அதன் அமைப்பை அறிந்தால் இந்தக் கருவிகளின் அடிப்படைச் சிக்கலே விளங்கிவிடும். உள்ளே இருக்கும் மெமரி மொத்தம் நான்காயிரம் பிட்டுக்குச் சற்று மேல். பதினாறு சேனலுக்கும் பங்கிட்டால் சேனலுக்கு 254. எட்டுச் சேனல் போதும் என்றால் 508. நான்கு என்றால் 1016. வேகமும் அப்படியே: நான்கு சேனலில் 100 மெகாஹெர்ட்ஸ், எட்டில் 50, பதினாறில் 20. அகலமாகப் பார்க்க வேண்டுமா, ஆழமாகவா, வேகமாகவா என்பதை நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். பின்னால் வந்த எல்லாப் பெட்டிகளிலும் இந்தப் பேரம் தொடர்கிறது. எண்கள் மட்டும் பெரிதாகின.

1983-இல் வந்த ஹெச்பி 1630 வரிசை, மைக்ரோபிராசசர் வேலைக்கென்றே செய்தது. 1630ஏ-யில் 35 சேனல், 1630டி-யில் 43, பிறகு வந்த 1630ஜி-யில் 65. டைமிங் 100 மெகாஹெர்ட்ஸ், ஸ்டேட் 25 மெகாஹெர்ட்ஸ், சேனலுக்கு 1024 பதிவு. எட்டு பிட் செயலி எதுவும் இதற்குத் தப்ப முடியாது. பட்டியலைச் செயலியின் கட்டளை மொழியில் காட்டும் வசதியும், எந்த நிரல்பகுதியில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று பட்டை வரைபடமாகக் காட்டும் வசதியும் அதில் இருந்தன. குறை ஒன்றுதான்: இதன் ப்ரோப்கள் தனி வகை. பின்னால் வந்த ஹெச்பி மாடல்களோடு பொருந்தாது. ப்ரோப் தொலைந்த 1630 ஒரு நல்ல மானிட்டர்கூட அல்ல.

அதே காலத்து டெக்ட்ரானிக்ஸ் 1240 வேறு பாதையில் போனது. வாங்குபவரே உள்ளே அட்டைகளைத் தேர்ந்து போடலாம். ஒன்பது சேனல் அட்டை 100 மெகாஹெர்ட்ஸில் ஓடும், பதினெட்டு சேனல் அட்டை 50-இல். இரண்டு தனி டைம்பேஸ் இருப்பதால், ஒரு போர்டில் இரண்டு செயலிகள் வெவ்வேறு கிளாக்கில் ஓடினாலும் இரண்டையும் ஒரே திரையில் நேர வரிசையில் அடுக்கிப் பார்க்கலாம். கிரேன் ஓட்டுநர் அறைப் போர்டும் மோட்டார் டிரைவ் போர்டும் பேசிக்கொள்ளும் இடத்தில் இது விலைமதிப்பற்ற வசதி. அதைவிடப் பெரியது அதே கம்பெனியின் டாஸ் 9100. 91ஏ32 அட்டை 32 சேனலை 25 மெகாஹெர்ட்ஸில் எடுக்கும், 91ஏ08 எட்டுச் சேனலை 100-இல், 91ஏ04 நான்கு சேனலை 330-இல். போர்டுக்குள் சிக்னலைச் செலுத்திப் பார்க்கும் பேட்டர்ன் ஜெனரேட்டரும் அதிலேயே பொருந்தும். ஆய்வுக்கூடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய யானை அது. துறைமுக வேலைக்கு அதைத் தூக்கிச் செல்ல முடியாது.

எங்களைப் போன்றவர்களுக்கு விடிவு தந்தது 1980-களின் பிற்பகுதியில் வந்த ஹெச்பி 1650ஏ, 1651ஏ ஜோடி. ஒரே உடல், ஒரே திரை, ஒரே மென்பொருள். 1650-இல் எண்பது சேனல், 1651-இல் முப்பத்திரண்டு. இந்த இரண்டு எண்களும் கணக்குப் போட்டு வைத்தவை. இசட்-80 போன்ற எட்டு பிட் செயலிக்குப் பதினாறு அட்ரஸ், எட்டு டேட்டா போக, எட்டுக் கட்டளைக் கம்பிகளுக்கு இடமிருக்கும், 1651 போதும். மோட்டரோலா 68000 என்றால் 23 அட்ரஸ், 16 டேட்டா, அதன் மேல் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கட்டளைக் கம்பிகள். 1650 இல்லாமல் நடக்காது. இரண்டில் எதை வாங்குவது என்பதை உங்கள் மேசைக்கு வரும் போர்டு தீர்மானிக்கட்டும்.

1650-இன் உண்மையான பலம் அதற்குள் இரண்டு அனலைசர்கள் இருப்பது. ஒன்றை ஸ்டேட் முறையிலும் மற்றதை டைமிங் முறையிலும் வைத்து, முதலாவது தான் தேடியதைக் கண்டவுடன் இரண்டாவதை எழுப்பும்படி கட்டலாம். இதன் மதிப்பை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய கரையோரக் கிரேன். இசட்-80 போர்டு ஒன்று நாளில் ஓரிரு முறை திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மறுபடி மின்சாரம் கொடுத்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். போர்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் இரவு பகலாக ஓடியும் நிற்காது. அந்தக் கிரேனின் பிட்டர், எங்கள் ஊர்ப் பெரியவர், சொன்னார்: “தம்பி, நின்ன போர்டக் கேட்டா என்னா சொல்லும்? ஓடுறப்ப கேளு.” பெட்டியைக் கிரேனின் இயந்திர அறைக்கே தூக்கிக்கொண்டு ஏறினோம்.

அட்ரஸ், டேட்டா கம்பிகளை ஸ்டேட் அனலைசரில் கட்டினேன். படிக்கும் சிக்னல் முடியும் விளிம்பையும் எழுதும் சிக்னல் முடியும் விளிம்பையும் கிளாக்காகக் கொடுத்தேன். சேனலுக்கு 1024 பதிவுதான் இருக்கிறது. நாள் முழுக்க ஓடும் நிரலில் அது ஒரு துளி. ஆகவே எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை யோசித்தாக வேண்டியிருந்தது. இசட்-80-க்கு மறுக்க முடியாத குறுக்கீடு என்று ஒரு கம்பி உண்டு. அதில் இறங்கு விளிம்பு ஒன்று வந்தால் போதும், செயலி இருந்த இடத்தின் அட்ரஸை ஸ்டேக் என்ற மெமரிப் பகுதியில் எழுதிவிட்டு 0066 என்ற அட்ரஸுக்குத் தாவும். அந்தப் போர்டில் அது மின்சாரம் போகப்போகிறது என்ற எச்சரிக்கைக்காகப் பயன்பட்டது. 0066-இல் கட்டளை படிக்கப்பட்டால் நிறுத்து, அதற்கு முன் நடந்ததை முழுதும் வைத்துக்கொள் என்று ட்ரிகர் வைத்தேன். அந்தக் கம்பியையே இரண்டாவது அனலைசரில் டைமிங் முறையில் வைத்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு கிரேன் நின்றது. பட்டியல் தெளிவாக இருந்தது. நிரல் எந்தத் தவறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து ஸ்டேக்கில் இரண்டு பைட் எழுத்து. அடுத்த வரி 0066. டைமிங் திரையில் அந்தக் கம்பி நூறு நானோ வினாடிக்குச் சற்று மேல் தாழ்ந்து எழுந்திருந்தது. மின்சாரமோ குறையவே இல்லை. கம்பியை மேலே பிடித்து வைக்க வேண்டிய ரெசிஸ்டரின் கால், கடலின் உப்புக் காற்றில் பச்சை படிந்து, சால்டருக்கு அடியில் அறுந்து கிடந்தது. பக்கத்து கான்டாக்டர் விடும்போது எழும் இரைச்சல், பிடிமானம் இல்லாத அந்தக் கம்பியை இழுத்துவிட்டது. கான்டாக்டர் காயிலின் இரைச்சல் அடக்கியும் செத்துப் போயிருந்தது. இரண்டையும் மாற்றினோம். சில்லறைக் காசுச் சாமான்கள். ஆனால் நிரல் குற்றமற்றது, செயலி குற்றமற்றது, இந்த ஒரு கம்பிதான் என்று சொல்ல ஸ்டேட் பட்டியலும் டைமிங் படமும் ஒருசேர வேண்டியிருந்தன. இதே பெட்டி இருநூறு மெகாஹெர்ட்ஸ் வேகமாக இருந்திருந்தாலும் இரண்டாவது அனலைசர் இல்லையென்றால் எனக்குப் பதில் கிடைத்திருக்காது.

இந்த இடத்தில் பிலிப்ஸ் பிஎம்3580 வரிசையைச் சொல்ல வேண்டும். ஹெச்பியில் ஒரே கம்பியை இரண்டு முறையிலும் பார்க்க இரண்டு ப்ரோப் மாட்ட வேண்டும். பிலிப்ஸ் பெட்டியில் ஒவ்வொரு சேனலுக்குப் பின்னாலும் ஸ்டேட், டைமிங் இரண்டின் வன்பொருளும் இருக்கிறது. ஒரு ப்ரோப் மாட்டினால் இரண்டும் கிடைக்கும். நெருக்கமாக ஐசி அடுக்கிய போர்டில், மேலே தொங்கும் பிடிப்பான்களைப் பாதியாகக் குறைப்பது எவ்வளவு நிம்மதி என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

1990-களின் தொடக்கத்தில் ஹெச்பி 1660 வரிசை வந்தது. 1660ஏ 136 சேனல், 1661ஏ 102, 1662ஏ 68, 1663ஏ 34. எல்லாம் பதினேழின் மடங்குகள். ஒவ்வொரு ப்ரோப் கட்டிலும் பதினாறு டேட்டாவும் ஒரு கிளாக்கும் இருக்கின்றன. அந்தக் கிளாக் கம்பியையும் தேவைப்படாதபோது சாதாரண சேனலாகப் பயன்படுத்தலாம் என்பதால் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஸ்டேட் 100 மெகாஹெர்ட்ஸ். டைமிங்கில் எல்லாச் சேனலும் என்றால் 250, பாதிச் சேனல் என்றால் 500. மெமரி முறையே 4096, 8192. கணக்கிட்டுப் பாருங்கள்: 4 நானோ வினாடி வீதம் 4096 பதிவும், 2 நானோ வினாடி வீதம் 8192 பதிவும் ஒரே அளவு நேரம்தான், சுமார் 16 மைக்ரோ வினாடி. 1650-இல் அது 10 மைக்ரோ வினாடி. விளம்பரத்தில் ஐந்து மடங்காகத் தெரிந்த வேகம், பார்க்கும் சன்னலின் அகலத்தில் ஒன்றரை மடங்காகத்தான் வந்து சேர்கிறது.

ஆனால் 1660 வேறொரு விதத்தில் நிஜமாகவே உயர்ந்தது. ஸ்டேட் முறையில் கிளாக் விளிம்புக்கு முன் எவ்வளவு நேரம் டேட்டா நிலையாக இருக்க வேண்டும், பின் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அரை நானோ வினாடிப் படிகளில் நீங்களே நகர்த்தலாம், முன்னால் 3.5 பின்னால் பூச்சியம் என்பதிலிருந்து, முன்னால் பூச்சியம் பின்னால் 3.5 என்பது வரை. வேகமான பஸ் (செயலியின் கம்பித் தொகுதி) உள்ள போர்டில், அனலைசர் தவறாகப் படித்ததா, போர்டே தவறாகப் பேசியதா என்ற சந்தேகத்தை இது தீர்த்து வைக்கும். டிஸ்க் இல்லாமலே இயங்கத் தொடங்கும் வசதியும் இதில் உண்டு. இயக்க மென்பொருள் உள்ளேயே பிளாஷ் மெமரியில் இருக்கிறது. 1650-உம், பிறகு சொல்லப்போகும் ஹெச்பி 16500ஏ-யும் பிளாப்பி டிஸ்க் இல்லாமல் விழிக்கவே விழிக்காது.

அப்படியானால் 1650-ஐத் தூக்கி எறியலாமா? கூடாது. 1660-இன் த்ரெஷோல்டை, அதாவது உயர்வு தாழ்வைப் பிரிக்கும் வோல்டேஜ் கோட்டை, +6 வோல்ட் வரைதான் வைக்க முடியும். 1650-இல் +9.9 வரை போகலாம். புத்தகத்தைப் புரட்டுபவருக்கு இது ஒரு சாதாரண வரி. துறைமுகத்தில் வேலை செய்பவருக்கு இது பெரிய வேறுபாடு. இரைச்சல் மிகுந்த இடங்களுக்கென்று செய்த பழைய தொழிற்துறைப் போர்டுகள் பல, 5 வோல்ட்டில் ஓடாமல், 4000 வரிசை சிமாஸ் ஐசிகளை 15 வோல்ட்டில் ஓட்டுகின்றன. அவற்றில் உயர்வு தாழ்வின் நடுக்கோடு 7.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். அங்கே புதிய பெட்டி தடுமாறும், பழையது நேராக வேலை செய்யும். என் மேசையில் 1650 இன்னும் ஓய்வு பெறாததற்கு இதுதான் காரணம்.

16500 வரிசையைப் பற்றியும் இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். வண்ணத் திரை, தொட்டால் கேட்கும் மெனு, ஐந்து அட்டைகள் போடும் உடல். லாஜிக் அட்டை, ஸ்கோப் அட்டை, பேட்டர்ன் ஜெனரேட்டர் என்று எதையும் கலக்கலாம். 16510 அட்டை ஏறக்குறைய 1650-க்குச் சமம். 16550ஏ அட்டை 1660 தலைமுறை. 16555ஏ-யில் மெமரி பத்து லட்சம் பதிவுக்கு ஏறியது. உடலின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கம் போய் எந்த அட்டை இருக்கிறது என்று பாருங்கள். 16500ஏ உடலில் இரண்டு பிளாப்பி, பி-யில் ஹார்ட் டிஸ்க், சி-யில் நெட்வொர்க் இணைப்பு கூடவே உண்டு. பட்டறையில் நிலையாக வைத்துக்கொள்ள இடம் இருப்பவருக்கு நல்ல கருவி. ஏணியில் ஏறுபவருக்கு 1660 போன்ற ஒற்றைப் பெட்டிதான்.

இனி ப்ரோப். ஹெச்பி செய்த மிக நல்ல காரியம், 1650, 16500 அட்டைகள், 1660, அதற்குப் பின் வந்த 1670 வரை ஒரே நாற்பது ஊசி இணைப்பை வைத்திருந்தது. தட்டையாக நெய்த அந்த கேபிளில் 17 சிக்னல் கம்பி, 17 தரைக் கம்பி, துணைக் கருவிக்கு மின்சாரம் தரும் இரண்டு கம்பிகள். நுனியில் தனியாகக் கழலும் முனைக் கட்டு. அதற்குள் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ரெசிஸ்டரும் சிறு கெப்பாசிட்டரும் இருந்து சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கின்றன. முனைக் கட்டில்லாமல் கேபிளை மட்டும் போர்டில் மாட்டுவது, போர்டுக்கும் ஆகாது, அளவுக்கும் ஆகாது. வாங்கும்போது மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, முனையிலிருந்து கேபிள் ஊசி வரை ஒவ்வொரு சேனலையும் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 90 கிலோஓம் காட்ட வேண்டும். மொத்தமாக அறுந்ததை இந்த ஒரு சோதனையே காட்டிவிடும்.

அடுத்த சோதனைக்கு ஒரு சின்ன போர்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆசிலேட்டர், அதன் பின்னால் 74எல்எஸ்393 கவுண்டர் இரண்டு, அவ்வளவுதான். பதினாறு வெளியீடுகளை ஒரு ப்ரோப் கட்டில் மாட்டினால் ஒவ்வொரு கோடும் முந்தியதைவிட இரண்டு மடங்கு மெதுவாக ஓடுவது திரையில் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு சேனல் அசையாமல் நின்றால் ப்ரோப்பை இடம் மாற்றுங்கள். குறை கூடவே நகர்ந்தால் ப்ரோப். அங்கேயே நின்றால் பெட்டி.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பெட்டிகளின் தரைக் கம்பி, சுவரின் எர்த்தோடு நேராகச் சேர்ந்தது. கிரேன் மோட்டார் டிரைவில் பல போர்டுகள் நூற்றுக்கணக்கான வோல்ட் மேலே மிதந்துகொண்டிருக்கும். அங்கே தரைக் கம்பியை மாட்டினால் போர்டும் பெட்டியும் போவதோடு, மாட்டியவரின் உயிருக்கும் ஆபத்து. பெட்டியின் எர்த்தை வெட்டிவிட்டு அளப்பது அதைவிட மோசம். பெட்டியின் இரும்பு உடலே மிதக்கத் தொடங்கும். கழற்றி மேசையில் வைத்துத் தனி மின்சாரத்தில் ஓட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த அளவை விட்டுவிடுங்கள்.

நம் ஊர் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிளாப்பியின் காந்தப் பரப்பில் பூஞ்சை பிடிக்கும். அதை அப்படியே போட்டால் படிக்கும் தலையும் கெடும். டிரைவின் கிரீஸ் இறுகி டிஸ்க் உள்ளே மாட்டிக்கொள்ளும். மின்வழங்கியின் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் வயதால் கசியும். 1650-உம் 16500ஏ-யும் வைத்திருப்பவர்கள் ஓடும் டிஸ்க் ஒன்று கையில் இருக்கும்போதே பல பிரதிகள் எடுத்து, டிஸ்க்கின் நகலைக் கணினியிலும் சேமித்து வையுங்கள். கருவியை வாரம் ஒரு முறையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே எழும் சூடே ஈரத்துக்கு மருந்து.

கைக்குள் அடங்கும் யுஎஸ்பி அனலைசர்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. எட்டுச் சேனல், 24 மெகாஹெர்ட்ஸ். நானும் வைத்திருக்கிறேன். நீளமான தொடர் செய்திகளை, சென்சாரும் கன்ட்ரோலரும் இரண்டு மூன்று கம்பிகளில் பேசுவதை, கணினியின் மெமரி முழுக்கப் பதிவு செய்ய அதற்கு நிகர் இல்லை. அந்த வேலையில் 1660 தோற்றுப்போகும். ஆனால் முப்பது கம்பி பஸ்ஸையும் 15 வோல்ட் லாஜிக்கையும் அந்தச் சின்னப் பெட்டியால் பார்க்க முடியாது. டெக்ட்ரானிக்ஸின் டிஎல்ஏ 700 வரிசை, விண்டோஸில் ஓடுவது, எல்லாச் சேனலிலும் 500 பிக்கோ வினாடித் துல்லியம் தருவது, பழையவற்றிலிருந்து பெரிய பாய்ச்சல். அதன் தேவை நம் துறைமுகப் போர்டுகளுக்கு அரிதாகவே வருகிறது.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் முனைக் கட்டுகள் முழுதாக உள்ள 1661 அல்லது 1662. 15 வோல்ட் போர்டுகள் உங்கள் வழியில் வருமென்றால் கூடவே ஒரு 1650, ஓடும் டிஸ்க்கோடு. தொடர் செய்திகளுக்கு யுஎஸ்பி ஒன்று. 1630, 1240, 7டி01 மூன்றும் ப்ரோப்போடு கிடைத்தால் கற்றுக்கொள்ள அருமையானவை. ப்ரோப் இல்லாமல் யார் கொடுத்தாலும் வேண்டாம்.

ஷா ஆலம், சுங்கை வே, பூலாவ் இண்டா ஆலைகளில் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஸ்டோரில் பழைய அனலைசர் கழிவுக்குப் போகும் நாளில், பெட்டியை மட்டும் பார்க்காதீர்கள். அதன் பக்கத்து இழுப்பறையில் கிடக்கும் தட்டைக் கேபிள்கள், முனைக் கட்டுகள், டிஸ்க்குகள், கையேடுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள். முறையாக அனுமதி வாங்கி, தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றுக்கோ பழுது பார்க்கும் பட்டறை ஒன்றுக்கோ கொடுங்கள். பெட்டி எப்படியும் எங்கிருந்தாவது கிடைத்துவிடுகிறது. கேபிளும் டிஸ்க்கும் ஒரு முறை குப்பைக்குப் போனால் போனதுதான்.